மூளைக்குச் சோறு வேண்டுமா?



சோற்றைக் கைவிட்டால் மூளை தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர் ஒருபுறம். சோறு, ரொட்டி, கிழங்கு அனைத்தையும் விலக்குவதே நீரிழிவுக்கு மருந்து என்று சாதிப்போர் மறுபுறம். புத்தளக் கடலோரத்துக் கரைத்தீவில் வாழும் எங்களுக்கும் இவ்வழக்கு இன்று புதிதன்று. இதற்குத் தீர்ப்புக் காண விரும்புவோர், விஞ்ஞான வரலாற்றிற் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

மூளை பெருஞ் செலவாளி. உடல் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கே உள்ள அவ்வுறுப்பு, ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கை எடுத்துக்கொள்கிறது. அதன் வழக்கமான எரிபொருள் குளுக்கோசு என்னும் சர்க்கரை. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் வேண்டும். சோற்றிலும் கிழங்கிலும் உள்ள மாப்பொருள் சமிபாடடைந்து இச்சர்க்கரையாகவே குருதியிற் சேர்கிறது. ஆகவே மாப்பொருளை உண்ணாவிடின் மூளை பட்டினி கிடக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், குருதிக்கு வேண்டியது வேறு, கோப்பைக்கு வேண்டியது வேறு என்பதை முதலில் உணர்த்தியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் குளோட் பேணாட்.

அவர் நாய்களுக்கு இறைச்சியை மட்டுமே ஊட்டி ஆராய்ந்தார். உணவிற் சர்க்கரை இல்லாதிருந்தும், ஈரலிலிருந்து வெளியேறும் குருதியிற் சர்க்கரை இருந்தது! ஈரல் தானே சர்க்கரையை ஆக்குகிறது என்று 1848ஆம் ஆண்டளவில் அவர் கண்டார். 1857இல், ஈரல் சேமித்து வைக்கும் கிளைக்கோசன் என்னும் பொருளையும் பிரித்தெடுத்தார். நோன்பு நோற்பவர் பகல் முழுதும் உண்ணாதிருந்தும் தெளிந்த அறிவோடு தொழில் புரிவது இக்களஞ்சியத்தின் உதவியாலேயே.

ஆனால் களஞ்சியம் சிறியது. ஈரலில் இருப்பது ஏறக்குறைய 100 கிராம். ஒருநாட் பட்டினியில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்பின் ஈரல், தசைகளின் புரதத்தைக் கரைத்துச் சர்க்கரை செய்யும். மூளைக்கு வேண்டிய முழுச் சர்க்கரையும் அவ்வழியே வருவதாயின் தசைகள் விரைவில் அழிந்து, இரண்டு மூன்று வாரங்களில் மனிதன் மாண்டிருக்க வேண்டும்.

நடந்ததோ வேறு. மதராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரி 1956இல் விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த தியாகி சங்கரலிங்கனார், 70 நாட்களுக்கு மேல் உணவை மறுத்து, ஒக்தோபர் 13ஆம் நாள் உயிர் நீத்தார். முதுமையுற்ற அம்மெலிந்த உடல் அத்தனை நாள் தாங்கியது எங்ஙனம்? அவர் மறைந்த காலத்தில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை இல்லை.

விடை 1967இல் அமெரிக்காவின் பொஸ்தன் நகரிற் கிடைத்தது. ஜோர்ஜ் கேகில், ஒலிவர் ஓவன் முதலிய வைத்தியர்கள், பருத்த உடலைக் குறைப்பதற்காக ஐந்தாறு வாரம் பட்டினியிருந்த மூவரை ஆராய்ந்தனர். மூளைக்குச் செல்லும் குருதியையும் மீளும் குருதியையும் ஒப்பிட்டனர். மூளை தன் எரிபொருளிற் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் கீற்றோன் பொருள்களிலிருந்து பெற்றுக்கொண்டிருந்தது! உடலின் கொழுப்பிலிருந்து ஈரல் ஆக்குபவை இவை. நீரிழிவு முற்றியோரின் சிறுநீரிற் காணப்பட்டமையால், நெடுங்காலம் நஞ்செனவே எண்ணப்பட்டவை. அவையே பஞ்சகாலத்தில் மூளைக்கு உணவாகித் தசைகளைக் காக்கின்றன. எஞ்சிய சிறிதளவு சர்க்கரையை ஈரல் ஆக்கிக் கொடுக்கிறது.

இது பட்டினியின் கதை. மாப்பொருளை மட்டும் விலக்கி உண்போர் நிலை யாது? வட துருவ மக்களோடு வாழ்ந்த ஆராய்ச்சிப் பயணி ஸ்தெபான்சன், 1928இல் நியூயோர்க் நகரின் பெல்வியு வைத்தியசாலையில், தோழர் ஒருவருடன் சோதனைக்கு உட்பட்டார். இருவரும் ஓராண்டு இறைச்சியும் கொழுப்பும் மாத்திரமே உண்டனர். அறிவு மங்கவில்லை. கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் கொடுத்தபோது ஸ்தெபான்சன் நோயுற்றார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார்.

அமெரிக்க மருத்துவக் கழகம் 2005இல் வெளியிட்ட நூல், மூளையின் தேவையைக் கணக்கிட்டு நாளொன்றுக்கு 130 கிராம் காபோவைதரேற்று உண்ணலாம் என்று விதித்தது. அதே நூல், புரதமும் கொழுப்பும் போதிய அளவு கிடைப்பின், உயிர் வாழ உணவில் இருக்கவேண்டிய மிகக் குறைந்த அளவு பூச்சியம் போலும் என்றும் கூறியது. முன்னது வசதியான அளவு. பின்னது உயிர் தாங்கும் எல்லை.

ஆகவே, சோறின்றி மூளை நின்றுவிடும் என்னும் அச்சத்திற்கு ஆதாரமில்லை. எனினும், இன்றியமையாததன்று என்பது வேறு, வேண்டத்தகாதது என்பது வேறு. தாங்கும் ஆற்றல் உடலுக்கு உண்டு என்பதனால், அவ்வாறு உண்பதே எல்லார்க்கும் நன்மை என்று ஆகிவிடாது. சிறப்பாக, இன்சுலினோ சர்க்கரையைத் தணிக்கும் சில குளிசைகளோ எடுப்போர், மருந்தின் அளவை மாற்றாது சோற்றைத் திடீரென நிறுத்தினால், குருதிச் சர்க்கரை சடுதியாக வீழ்ந்து மயக்கமுறுவர். அவ்வேளை கீற்றோன் துணைக்கு வந்து சேர நேரமிராது; உடல் அதற்குப் பழகப் பல நாட்கள் வேண்டும். இன்சுலின் அறவே சுரக்காதவர்க்கோ, அதே கீற்றோன் அளவு கடந்து உயிருக்கே உலையாகும்.

கடலும் களப்பும் தரும் மீனும் தென்னை தரும் கொழுப்பும் நம்மிடம் உண்டு. கோப்பையிற் சோற்றைக் குறைக்க விரும்புவோர் மூளையை எண்ணி அஞ்சவேண்டியதில்லை. மருந்துண்போர் மட்டும் முதலில் வைத்தியரைக் கண்டு, மருந்தின் அளவைச் சீர்செய்துகொண்டு, அதன்பின் அகப்பையைக் குறைப்பாராக.