குல்தீப் மாணக்கும் இசைத்தட்டு ஏறிய கிஸ்ஸாவும்

கிராமத்துப் பாட்டை இசைத்தட்டுக் கம்பெனிகள் துண்டாடி விலைச் சரக்காக்கிவிட்டன என்னும் அபிப்பிராயம், நாட்டார் இசையை ஆராய்வோரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பஞ்சாபிப் பாடகர் குல்தீப் மாணக்கின் சரித்திரத்தை ஊன்றி நோக்குமிடத்து அது முழுதும் பொருந்தாது என்பது புலனாகும். ஜோடிப் பாடல்களின் ஆரவாரத்தில் பின்தள்ளப்பட்டிருந்த ஹீர்–ராஞ்ஜா, மிர்ஸா–ஸாஹிபான் முதலிய கிஸ்ஸாக்களை, அதாவது நெடுங்கதைப் பாடல்களை, மீண்டும் ஜனங்களின் நாவில் ஏற்றியது அந்த இசைத்தட்டே என்பது என் துணிபு.

பட்டிண்டா ஜில்லாவின் ஜலால் கிராமத்தில் 1951-இல் பிறந்த அவருடைய இயற்பெயர் லத்தீஃப் முகம்மது. பாட்டையே பரம்பரை ஜீவனமாகக் கொண்ட மிராஸிக் குடும்பத்தில் தோன்றிய அவர், பிரோஸ்பூரைச் சேர்ந்த கவ்வாலி வித்வான் குஷி முகம்மதுவிடம் சிட்சை பெற்றார். பாலப் பருவத்தில் அவர் பாடக் கேட்டு மகிழ்ந்த முதலமைச்சர் பிரதாப் சிங் கைரோன், மாணிக்கம் எனப் பொருள்படும் ‘மாணக்’ என்னும் பட்டத்தைச் சூட்டினார் என்பர். லூதியானாவை அடைந்து ஹர்சரண் கரேவால், ஸீமா ஆகியோரின் குழுவில் சேர்ந்த மாணக், 1968-இல் ஸீமாவுடன் பாடிய முதல் இசைத்தட்டு, அக்காள் கணவனுக்கும் கொழுந்தியாளுக்கும் இடையேயான பரிகாசப் பாட்டு. அது நன்றாகவே விற்றது. அந்த வழியிலேயே நடந்திருந்தால் அவர் பலருள் ஒருவராகவே முடிந்திருப்பார்.

அவரை வேறு திசையில் திருப்பியவர், லூதியானாவை அடுத்த தரீக்கே கிராமத்துப் பள்ளி ஆசிரியரும் கவிஞருமான தேவ் தரீக்கே வாலா. 1976-இல் வெளிவந்த ‘இக் தாரா’ என்னும் நெடுந்தட்டில் அடங்கிய, ‘தேரே டில்லே தோன்’ என்று தொடங்கும் பாட்டு இவ்விருவரின் கூட்டுறவுக்குச் சிகரம். காதலி ஹீரை இழந்து துறவு பூணச் சென்ற ராஞ்ஜா, ஜீலம் பிரதேசத்து யோகியர் குன்றின் மீது நின்று, ஹீரின் உருவமும் காற்றில் பறக்கும் அவளுடைய பூவேலைப் போர்வையும் அங்கிருந்தே தெரிவதாகக் குருவிடம் சுட்டிக் காட்டுகிறான். பல காத தூரத்துக்கு அப்பாலுள்ளவளை மானிடக் கண் காண இயலாது. பந்தங்களை அறுக்க வந்த இடத்திலேயே பந்தம் பேருருக் கொண்டு நிற்பதைக் கவிஞர் அந்த ஒரே காட்சியில் அமைத்துவிட்டார். மாணக்கின் உச்ச ஸ்தாயிக் குரல், மன்றாட்டாக இழையாமல், கண்டதை ஊருக்கு அறிவிப்பவனின் உறுதியோடு அதை ஏந்திச் செல்கிறது.

வாரிஸ் ஷா 1766-இல் இயற்றிய பெருங்காவியத்தில் விரிந்து கிடக்கும் கதையைச் சில நிமிஷங்களுக்குள் அடைப்பது சிதைவேயன்றோ எனின், அன்று என்பேன். டட் என்னும் சிறுகொட்டும் சாரங்கியும் கொண்டு பாடும் டாடிகள் காலங்காலமாகக் கதையிலிருந்து ஒரு பிரசங்கத்தைத் தனியே எடுத்துப் பாடியவர்களே. முன்னும் பின்னும் கேட்போர் நெஞ்சில் ஏற்கெனவே இருந்தபடியால் ஒரு சந்தர்ப்பத்தை மட்டும் சொன்னாலே போதியதாயிற்று. இசைத்தட்டின் குறுகிய கால அளவு கவிஞரை நெருக்கியது மெய்யே. ஆயினும் அந்த நெருக்கமே கதையின் உயிர்நிலையைத் தேர்ந்தெடுக்கும்படி அவரைத் தூண்டிற்று. குறை கூற வேண்டுமாயின், கதையறியாத தலைமுறை தோன்றியபின் அதே பாட்டுப் பாதி ஊமையாகிவிடும் என்பதைக் கூறலாம். அது தட்டின் குற்றமாகாது.

இங்கிலாந்தில் குடியேறிய பஞ்சாபியரின் மக்கள் அவர் குரலை மின்சாரத் தாளக் கருவிகளோடு இணைத்து ஆட்ட அரங்குகளுக்குக் கொண்டு சென்றமையால், அவரைப் பாங்ராப் பாடகர் என்றே குறிக்கும் வழக்கம் உண்டாயிற்று. அறுவடைக் காலத்து ஆட்டமாகிய பாங்ராவுக்கு டோல் முழக்கமே பிரதானம். மாணக்கின் பாட்டிலோ தாளம் கதைக்குப் பணி செய்கிறது. 2011 நவம்பர் 30 அன்று லூதியானாவில் அவர் காலமாவதற்கு நெடுங்காலம் முன்பே பஞ்சாப் ஜனங்கள் அவருக்கு அளித்திருந்த பட்டம் ‘கலிகளின் பாதுஷா’ என்பது. கலி என்னும் பஞ்சாபி யாப்பின் இலக்கணத்துக்கு முற்றும் இணங்கியவை அவர் பாட்டுக்களுள் மிகச் சிலவே. எனினும் கதைப்பாட்டின் தலைவராக அவரை அறிந்துகொண்ட அந்தப் பொதுஜன வழக்கையே இசை வரலாறும் கைக்கொள்வது தகும்.