அன்னா கரீனினாவும் அவளுக்குத் தீர்ப்பு வழங்கியோரும்

1872 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ருஷ்யாவின் தூலா மாகாணத்திலுள்ள யாசென்கி என்னும் சிறிய புகையிரத நிலையத்திலே பெண்ணொருத்தி புகையிரதத்தின் கீழ் வீழ்ந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். அன்னா ஸ்தெபானொவ்னா பிரகோவா என்பது அவள் பெயர். அயலிலிருந்த நிலக்கிழார் ஒருவருடன் வாழ்ந்து, அவர் மனம் வேறொரு பெண்ணை நாடியதால் கைவிடப்பட்டவள் அவள். சிதைந்துகிடந்த அவ்வுடலை நேரிற் கண்டவர்களுள் அந்நிலக்கிழாரின் அயலவரான லியோ டோல்ஸ்டோயும் ஒருவர். அடுத்த ஆண்டு அவர் எழுதத் தொடங்கிய நாவலின் தலைவிக்கும் அன்னா என்ற பெயரே அமைந்தது.

ஆயினும், அவளைப் பரிவுடன் படைக்கும் நோக்கம் அவருக்குத் தொடக்கத்தில் இருக்கவில்லை. ஆரம்ப வரைவுகளிலே நாயகி கவர்ச்சியற்றவள், நயமற்றவள், கணவனே அனுதாபத்துக்குரியவன். திருத்தித் திருத்தி எழுதுகையில் அப்பெண் மெல்ல மெல்ல உயர்ந்தாள். உயிர்த்துடிப்பும் நேர்மையும் கொண்டவளானாள். 1875 முதல் 1877 வரை சஞ்சிகையொன்றில் தொடராக வந்து, 1878 இல் நூலுருப்பெற்ற 'அன்னா கரீனினா', பழிவாங்குதல் இறைவனுக்கே உரியது என்னும் விவிலிய வாக்கை முகப்பிற் கொண்டுள்ளது. நீதிபதியாக எழுதத் தொடங்கியவர் அந்த ஆசனத்திலிருந்து இறங்கிவிட்டார் என்றே கொள்ளவேண்டும். அவர் விட்டிறங்கிய அவ்வாசனத்திலே பின்னர் திரையுலகம் எவ்வாறு ஏறியமர்ந்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும்.

அதற்குமுன் அன்னா வாழ்ந்த சமுதாயத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். சார் மன்னராட்சியில் மணவிலக்கு திருச்சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தது. பிறழ்வொழுக்கம் சாட்சிகளால் நிறுவப்படவேண்டும். குற்றவாளியாகக் காணப்பட்டவர் மறுமணம் செய்ய இயலாது. ஆகவே, கணவனான கரீனின் செய்யாத குற்றத்தைத் தானே ஏற்றாலன்றி அன்னா விரோன்ஸ்கியை மணந்துகொள்ள வழியிருக்கவில்லை. ஒருகாலத்தில் அவன் அதற்கும் இணங்கினான். அன்னா அப்பெருந்தன்மையை ஏற்க மறுத்தாள். பின்னர் அவள் வேண்டியபோது அவன் மறுத்தான். மகன் செரியோஷாவையும் அவள் இழந்தாள்.

சட்டத்தினும் கொடியது மேட்டுக்குடியினரின் வழக்கம். நாவலின் தொடக்கத்தில் அன்னா மொஸ்கோவுக்கு வருவதே, மனைவிக்குத் துரோகமிழைத்த தன் தமையன் ஒப்ளொன்ஸ்கியை மன்னிக்குமாறு அண்ணியை வேண்டுவதற்காகத்தான். மன்னிக்கப்பட்ட தமையன் இறுதிவரை விருந்துகளில் மகிழ்ந்திருக்கின்றான். விரோன்ஸ்கிக்கும் எல்லா வாயில்களும் திறந்தே இருக்கின்றன. அன்னா மட்டும் பீற்றர்ஸ்பேர்க் அரங்கிலே பலர்முன் அவமதிக்கப்படுகின்றாள். பிறழ்வு அவர்களுக்குக் குற்றமன்று. அதை மறையாது வாழ முற்பட்டதே குற்றம்.

இவளைத் திரை எவ்வாறு கண்டது? 1914 இல் விளாதிமிர் கார்தின் நெறியாள்கையில், மொஸ்கோ கலையரங்க நடிகை மரியா ஜெர்மானொவா அன்னாவாகத் தோன்றினார். அன்னாவை உலகெங்கும் அறியச்செய்தவரோ கிரேற்றா கார்போ ஆவார். அவர் நடித்து ஹொலிவூட் 1927 இல் வெளியிட்ட 'காதல்' என்னும் மௌனப்படத்துக்கு இரண்டு முடிவுகள் தயாரிக்கப்பட்டன. ஒன்றிலே அன்னா மாள்கின்றாள். மற்றதிலே கரீனின் இறந்துவிட, பிரிந்த காதலர் மீண்டும் சந்திக்கின்றனர். டோல்ஸ்டோய் எழுப்பிய வினாவை வணிகம் இவ்வாறு கணவனின் மரணத்தால் எளிதாகத் தீர்த்துவைத்தது.

1935 இல் கார்போ மீண்டும் அன்னாவானார். அதற்கு முந்திய ஆண்டிலிருந்து அமெரிக்கப் படங்கள்மீது ஒழுக்கவிதிகள் கண்டிப்பாக அமுல்செய்யப்பட்டன. விளைவாக, அன்னாவுக்கும் விரோன்ஸ்கிக்கும் பிறந்த பெண்குழந்தை கதையிலிருந்தே அகற்றப்பட்டது. முன்னைய படம் அன்னாவை வாழவைத்தது இலாபத்துக்காக. இப்படம் அவள் குழந்தையை மறைத்தது ஒழுக்கத்துக்காக. ஆயினும், மகனைக் காணும் காட்சிகளிலே கார்போவின் முகம் அந்த விதிகளையெல்லாம் கடந்து பேசுகின்றது என்பதை மறுக்கவியலாது.

1948 இல் யூலியன் டுவிவியேயின் ஆங்கிலப் படத்தில் விவியன் லீ நடித்தார். தமிழ்த் திரையும் இக்கதையை விட்டுவைக்கவில்லை. ரி. ஆர். ராஜகுமாரி, நாகையா, எம். ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் நடித்து 1953 இல் வெளிவந்த 'பணக்காரி' இந்நாவலின் தழுவலே. அன்னா என்ற தனிமனுஷியின் பெயர் நின்ற இடத்தில் ஒரு வர்க்கத்தின் பெயர் வந்தமர்ந்தமை சிந்தனைக்குரியது. தலைப்பே தீர்ப்பின் சாயலைப் பெற்றுவிட்டது.

1967 இல் அலெக்சாந்தர் சார்ஹி நெறியாண்ட சோவியத் படத்தில் தத்யானா சமோய்லொவா அன்னாவாக நடித்தார். இங்கே நிக்கொலாய் கிரித்சென்கோவின் கரீனின் வெறும் கொடியவனல்லன்; அவமானத்தால் நொறுங்கிய மனிதன். நாவலின் மறுபாதியான லெவினின் கதையும் இப்படத்தில் இடம்பெறுகின்றது. இது முக்கியமானதாகும். லெவினை நீக்கினால் எஞ்சுவது ஒரு காதற் சோகம் மட்டுமே. அவன் அருகிருக்கும்போதுதான், உண்மையாக வாழ முயலும் இருவருள் ஆணுக்குக் கிட்டும் நிலமும் இல்லமும் பெண்ணுக்கு ஏன் கிட்டவில்லை என்ற வினா எழும்.

2012 இல் ஜோ ரைட், கெய்ரா நைட்லியை அன்னாவாகக் கொண்டு, கதையின் பெரும்பகுதியைப் பழைய நாடக அரங்கொன்றினுள் நிகழ்த்தினார். மேட்டுக்குடியினர் ஒருவரையொருவர் பார்த்து நடிப்பவர்கள் என்பதையும், அவர்கள் பார்வையே அன்னாவுக்குத் தண்டனை என்பதையும் இவ்வமைப்பு உணர்த்துகின்றது. 2017 இல் வந்த கரேன் ஷஹ்நசாரொவின் ருஷ்யப் படமோ கதையை 1904 இன் ருஷ்ய - யப்பானியப் போர்க்களத்துக்கு நகர்த்துகின்றது. மருத்துவனாக வளர்ந்துவிட்ட செரியோஷா, காயமுற்றுக் கிடக்கும் விரோன்ஸ்கியிடம் தன் தாயின் முடிவைப் பற்றிக் கேட்கின்றான். நாவலில் இல்லாத காட்சிதான் இது; எனினும் நாவலின் உள்ளத்துக்கு இது அந்நியமானதன்று. அவன் தண்டிக்கக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்கின்றான்.

தொகுத்து நோக்கின், அன்னாவின் திரைவரலாறு அவளைவிட அவளைப் படமாக்கியோரைப் பற்றியே அதிகம் கூறுகின்றது எனலாம். அவளை வாழவைத்தோரும் குழந்தையை மறைத்தோரும் தத்தம் காலத்தின் அச்சங்களையே வெளியிட்டனர். பார்ப்போராகிய நாமும் இதற்கு விலக்கல்லர். அன்னாவுக்காகக் கண்கலங்கி எழுந்து செல்லும் நாம், ஒப்ளொன்ஸ்கிகளை மன்னிக்கும் அளவுக்கு அன்னாக்களை மன்னிக்கின்றோமா? டோல்ஸ்டோய் தீர்ப்பெழுதாது விட்ட பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது. அதில் எழுத முற்படுமுன், யாசென்கியில் கிடந்த அந்தப் பெண்ணை ஒருகணம் நினைத்துப் பார்ப்பது நம் கடனாகும்.