தேர் வரும் வீதியில் நடப்பவருக்கு இடம்: மதுரை மாநகராட்சியின் முன்னுள்ள வரிசை

மதுரையில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திட்டம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வாடகை சைக்கிள் நிலையம், கைபேசிச் செயலி, வண்ணம் பூசிய தனித்தடம் என்றே தொடங்குகிறது. இந்தக் கட்டுரை அந்த வரிசையை மறுக்கிறது. இங்கே முதலில் மீட்க வேண்டியது நடைபாதை. அடுத்தது, பிழைப்புக்காக ஏற்கெனவே சைக்கிள் மிதிப்பவர்களின் பாதுகாப்பு. பகிர்வு சைக்கிள் மூன்றாவதுதான்.

மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என ஒன்றையொன்று சூழ்ந்து கிடக்கும் வீதிகள் நடைப் பயணத்தின் அளவில் அமைந்தவை. வெளி வீதிகளின் பிறப்பே ஒரு நகரத் திட்டம். 1840களை ஒட்டி ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை அகற்ற முனைந்தபோது, இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்றார். அந்தப் பணியில் ஈடுபட்ட பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் இன்றும் தெருப்பெயர்களாக இருக்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாக மேலக்கோபுரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். அந்த ஒரு கிலோமீட்டரை நிம்மதியாக நடக்க முடியாததுதான் சிக்கல்.

கீழமாசி வீதியில் கடைகள் திறந்தபின் நின்று பார்த்தால் இது விளங்கும். கடை வாசலில் மூட்டைகள், அதற்கு முன்னால் வரிசையாக நிறுத்திய பைக்குகள், அதற்கும் முன்னால் சரக்கு இறக்கும் மினி லாரி. பையோடு வரும் மூதாட்டி ரோட்டின் நடுவே இறங்கித்தான் நடக்கிறார். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் நடைபாதையை வாழ்வுரிமையோடு சேர்த்துப் பேசியது. விதி இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. மூதாட்டி மட்டும் இன்னும் ரோட்டில்தான் நடக்கிறார்.

2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை இடம்பெற்றபின் பணம் வந்தது. மாசி வீதிகளும் பெரியார் பேருந்து நிலையமும் புதுப்பிக்கப்பட்டன. வாகனம் நுழையாத சித்திரை வீதிகளில் இன்று குழந்தைகள் கையை விட்டு ஓடுகிறார்கள். அது உண்மையான வெற்றி. ஆனால் அதே திட்டம் வடக்கு ஆவணி மூல வீதியின் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தத்தைக் கட்டியது. கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் கார் நிறுத்த இடம் கொடுத்தால், வெளி வீதியிலேயே நிற்க வேண்டிய கார் நகரத்தின் நெஞ்சுக்குள் வரும். ஒரு கையால் வாகனத்தைத் தடுத்து மறுகையால் அழைப்பது திட்டமாகாது.

இதற்கு அமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணை சாலைகள், வாகன நிறுத்தம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை உள்ளாட்சிக்குரிய பணிகளாகச் சொல்கிறது; நகரப் போக்குவரத்தை அப்படிச் சொல்லவில்லை. சிக்னல் காவல்துறையிடம், பேருந்து அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம், பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். 2011இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாகி, பரப்பு ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டரானது. எல்லை விரிந்ததே தவிர, அதிகாரம் விரியவில்லை. 2023இல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். அந்த அளவு முதலீடு கீழே நடப்பவருக்கென்று எங்கும் ஒதுக்கப்பட்டதில்லை.

புறநகரும் சுற்றுக் கிராமங்களும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 2001இல் தொடங்கிப் படிப்படியாக விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தால், அரசுப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சைக்கிள் இருக்கிறது. இதைவிடப் பெரிய சைக்கிள் திட்டத்தை எந்த மாநகராட்சியும் போட்டுவிட முடியாது. இல்லாதது ரோடு. நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் பெற்றோர் சைக்கிளை வாங்கி வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார்கள். கண்மாய்க் கரைகளும் வாய்க்கால் கரைகளும் ஊர்களை இணைத்துக்கொண்டே நகரம்வரை வருகின்றன. அவற்றைக் காலைநடைக்கான பூங்காவாக மட்டும் பார்க்காமல், பள்ளிக்கும் வேலைக்கும் போகும் வழியாகவும் வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

பகிர்வு சைக்கிளுக்கு மைசூரு நல்ல பாடம். மதுரையைப் போலவே பழம்பெருமையும் சுற்றுலாவும் உள்ள அந்நகரில் 2017 ஜூனில் 450 சைக்கிள்களோடு ‘டிரின் டிரின்’ தொடங்கியது. அங்கே அகன்ற, மரநிழல் உள்ள சாலைகள் முன்பே இருந்தன. மதுரையின் சிம்மக்கல் நெரிசலில் ஒருவர் வாடகை சைக்கிளை எடுக்க வேண்டுமானால், முதலில் அவருக்கு ஓட்ட இடம் வேண்டும்.

இடமில்லை என்பவர்களுக்கு ஒரே பதில் சித்திரைத் திருவிழா. தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வாகனம் கிடையாது. கள்ளழகர் வைகைக்கு வரும் வழியெங்கும் போக்குவரத்து மாற்றிவிடப்படுகிறது. மாநகராட்சி, காவல்துறை, மின்வாரியம், அறநிலையத்துறை எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து, வண்டிகளை அல்ல, மனிதத் தலைகளைக் கணக்கிட்டுத் திட்டமிடுகின்றன. அந்தத் திட்டமும் குறையற்றதல்ல: 2022இல் வைகைக் கரை நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். ஆனாலும் லட்சக்கணக்கானோர் கால்நடையாக வந்து திரும்புவதற்கான அனுபவம் இந்த நிர்வாகத்திடம் இருக்கிறது. அந்தத் துறைகளின் கூட்டத்தை ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறை கூடும் நிலையான குழுவாக்க, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அக்குழுவின் முதல் வேலை ரயில் நிலையம், பெரியார் பேருந்து நிலையம், கோயில் மூன்றையும் இணைக்கும் தொடர் நடைபாதையாக இருக்கலாம். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கி, சரக்கு இறக்கும் நேரத்தை அதிகாலைக்கு மாற்றி, பைக் நிறுத்தத்தை வெளி வீதிகளுக்கு நகர்த்தியபின்தான் கல் பதிக்க வேண்டும். வியாபாரிகள் முதலில் எதிர்ப்பார்கள். ஸ்பெயினின் பொந்தெவேத்ரா நகரம் 1999 முதல் மையப்பகுதியை நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தபோதும் எதிர்ப்பு இருந்தது. ஆகவே டவுன்ஹால் ரோட்டில் முதலில் தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சில மாதம் நடத்திப் பார்த்து, கடைக்காரர்களின் விற்பனையையும் நடப்பவர்களின் எண்ணிக்கையையும் மாநகராட்சியே எண்ணி மன்றக் கூட்டத்தில் வைக்கலாம்.