எச்சரிக்கை எங்கே நின்றது? செலஞ்சர் விபத்து சொல்லும் பாடம்

1986 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து ஏவப்பட்ட செலஞ்சர் விண்ணோடம் 73 செக்கன்களில் வானிலேயே சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் பாடசாலை ஆசிரியை. இந்த ஆபத்தை யாரும் அறியாமலிருக்கவில்லை. ஏவ வேண்டாம் என்று பொறியியலாளர்கள் முதல்நாள் இரவே கூறியிருந்தனர். ஆனால் அந்த எச்சரிக்கை இறுதித் தீர்மானம் எடுத்தவர்களைச் சென்றடையவில்லை.

விண்ணோடத்தின் பக்க ரொக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்யப்பட்டுப் பின்னர் பொருத்தப்படுபவை. அந்த மூட்டுகளில் தீப்பிழம்பு கசியாமல் தடுப்பவை இறப்பர் வளையங்கள். குளிரில் இறப்பர் இறுகிவிடும். இடைவெளியை உடனே அடைக்காது. ரொக்கெட்டைத் தயாரித்த மோர்டன் தியோகோல் நிறுவனத்தின் பொறியியலாளர் ரொஜர் போஜோலி, இந்த வளையங்களைச் சீர்செய்யாவிட்டால் உயிரிழப்பு நேரலாம் என 1985 ஜூலையிலேயே நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார்.

ஜனவரி 27 இரவு நாசாவும் தியோகோலும் தொலைபேசி வழியாகக் கூடின. சுமார் 12 பாகை செல்சியஸுக்குக் குறைந்த வெப்பநிலையில் ஏவக்கூடாது என்பதே தியோகோலின் முதல் சிபாரிசு. மறுநாள் ஏவும் நேரத்தில் இருந்ததோ ஏறத்தாழ 2 பாகை. நாசா அதிகாரிகள் அந்தச் சிபாரிசைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினர். தியோகோல் தரப்பு தனியே கலந்தாலோசித்தது. போஜோலியும் சக பொறியியலாளர் ஒருவரும் மீண்டும் எதிர்த்தனர். ஆயினும் முகாமையாளர்கள் நால்வர் மட்டும் முடிவெடுத்து, ஏவலாம் என்று அறிவித்தனர். புளோரிடாவில் இருந்த அந்நிறுவனத்தின் பிரதிநிதி அலன் மெக்டொனல்ட் ஒப்பமிட மறுத்தார். அவரது மேலதிகாரி ஒப்பமிட்டார்.

விபத்தை விசாரித்த ரொஜர்ஸ் ஆணைக்குழு மூன்று முக்கிய விடயங்களை வெளிக்கொணர்ந்தது. முதலாவது, ஏவுவதற்கு இறுதி அனுமதி வழங்கிய உயரதிகாரிகளுக்கு முதல் சிபாரிசோ பொறியியலாளர்களின் எதிர்ப்போ தெரிந்திருக்கவில்லை. இடையிலிருந்தவர்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கருதி அதை மேலே சொல்லவில்லை.

இரண்டாவது, சுமை இடம்மாறியிருந்தது. வழக்கமாக "பாதுகாப்பானது" என்று நிரூபித்தால்தான் ஏவ முடியும். அன்றிரவோ "ஆபத்தானது" என்று நிரூபிக்கும்படி பொறியியலாளர்களே கேட்கப்பட்டனர்.

மூன்றாவது, தரவுகள் முழுமையாக ஆராயப்படவில்லை. வளையங்கள் சேதமடைந்த பயணங்களை மட்டும் பார்த்தபோது குளிருக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பு மங்கலாகவே தெரிந்தது. சேதமடையாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்திருந்தால், சுமார் 18 பாகைக்குக் கீழே ஏவப்பட்ட ஒவ்வொரு பயணத்திலும் சேதம் ஏற்பட்டிருந்தமை தெளிவாகியிருக்கும்.

இதே தவறு மீண்டும் நிகழ்ந்தது. 2003இல் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது வெப்பக்காப்பு நுரைத்துண்டு ஒன்று அதன் இறக்கையைத் தாக்கியது. சேதத்தைப் படம்பிடிக்கப் பொறியியலாளர்கள் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அந்த நுரைத்துண்டு முன்னைய சோதனைகளில் பயன்படுத்தியவற்றைவிடப் பன்மடங்கு பெரியது என்ற முக்கிய தகவல், நிர்வாகத்துக்குக் காட்டிய ஸ்லைட் ஒன்றின் அடியில் ஒதுங்கிக் கிடந்தது. பெப்ரவரி 1ஆம் திகதி பூமிக்குத் திரும்பும் வழியில் மேலும் ஏழு பேர் மாண்டனர்.

ஆக, "நான் சொல்லிவிட்டேன்" என்பதோடு நிபுணரின் பொறுப்பு முடிந்துவிடாது. என்ன நடக்கும், எந்த நிலையில் நடக்கும், எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதைக் கேட்பவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். கேட்பவரின் பொறுப்பு அதைவிடப் பெரியது. தன்னிடம் வந்த எச்சரிக்கை ஓர் அமானிதம். அதை மென்மையாக்காமலும், எதிர்ப்பை மறைக்காமலும் மேலே கொண்டுசேர்க்க வேண்டும்.

ஒப்பமிட மறுத்த மெக்டொனல்ட், ஆணைக்குழுவிடம் உண்மையைச் சொன்ன பின்னர் பதவி இறக்கப்பட்டார். அமெரிக்க காங்கிரஸ் தலையிட்ட பிறகே மீண்டும் பொறுப்பேற்று, அதே ரொக்கெட் மூட்டுகளைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். எச்சரிப்பவரைத் தண்டிக்கும் நிறுவனத்தில் அடுத்த எச்சரிக்கை எழாது. பாலமோ மருத்துவமனையோ விமானமோ, உயிர்கள் தங்கியிருக்கும் எந்த இடத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இங்கே "வேண்டாம்" என்று சொல்பவரின் குரல் எவ்வளவு தூரம் செல்லும்?