தங்க மூக்கு தரும் பாடம்



மூக்கின் வடிவை மாற்றும் அறுவை சிகிச்சைகள் இன்று பல வகையாகப் பெருகியுள்ளன. மூக்கைத் திறந்து செய்வதா, உள்ளிருந்தே செய்வதா, குறைப்பதா, உயர்த்துவதா, ஊசியே போதுமா என்ற கேள்விகள் நம் குடும்பங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டன. எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பதற்கு முன், இந்தக் கலை எதற்காகப் பிறந்தது என்பதை அறிந்துகொள்வது நலம்.

வெள்ளியும் தங்கமும்

அறியாமைக் காலத்தில் நடைபெற்ற குலாப் போரில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் மூக்கு துண்டிக்கப்பட்டது. அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். பின்னர் அதில் துர்வாடை ஏற்பட்டது. அப்போது நபி (ஸல்) அவர்கள், தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு அவர்களுக்கு உத்தரவிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஆண்கள் தங்கம் அணிவது தடுக்கப்பட்ட ஒன்று. ஆயினும் இழந்த உறுப்பை ஈடுசெய்யும் தேவை வந்தபோது அந்தத் தடை தளர்த்தப்பட்டது. சிதைந்த முகத்துடன் பொறுமையாக இருந்துகொள்ளும்படி அந்தத் தோழருக்குச் சொல்லப்படவில்லை. தீங்கு தந்த பொருளை நீக்கித் தீங்கு தராத பொருளைத் தேர்ந்தெடுக்கும் வழியும் காட்டப்பட்டது. இவ்விரு செய்திகளையும் நெஞ்சில் நிறுத்தி வரலாற்றைப் பார்ப்போம்.

அறுபட்டோருக்காகப் பிறந்த கலை

முற்காலத்தில் மூக்கை அறுப்பது தண்டனையாகவும் பழிதீர்க்கும் வழியாகவும் இருந்தது. அவ்வாறு இழிவுபடுத்தப்பட்டவர்களுக்கு முகத்தை மீட்டுத் தரவே இக்கலை தோன்றியது. சுஸ்ருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல் ஒரு முறையை விவரிக்கின்றது: மூக்கின் அளவுக்கு இலையொன்றை வெட்டி, அதே அளவில் கன்னத்துச் சதையை அடி அறாமல் எடுத்துப் பொருத்தி, மூச்சு விடுவதற்கு இரு குழல்களைச் செருக வேண்டும். கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களின் அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்பர்மகீ, மன்கா என்ற இந்திய மருத்துவரைக் கொண்டு இந்நூலை அரபியில் விளக்கச் செய்தார் என்று இப்னு நதீம் தம் ஃபிஹ்ரிஸ்த் நூலில் குறிப்பிடுகின்றார்.

இத்தாலியின் பொலோஞா நகர மருத்துவர் தாலியகோட்ஸி 1597இல் வெளியிட்ட நூலில் வேறொரு முறை காணப்படுகின்றது. மேற்கைத் தோலை மூக்கோடு தைத்து, அது ஒட்டும் வரை கையைத் தலையோடு வாரக்கணக்கில் கட்டி வைப்பார்கள். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் எத்தனை வேதனை!

1794 அக்டோபரில் இலண்டன் இதழ் ஒன்று காவஸ்ஜி என்பவரைப் பற்றி எழுதியது. ஆங்கிலப் படையின் மாட்டு வண்டிக்காரரான அவர் மைசூர்ப் போரில் சிறைபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டவர் என்றும், பூனாவுக்கருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு அவருக்கு மூக்கு அமைத்தார் என்றும் அவ்விதழ் கூறியது. அதைப் பின்பற்றியே 1814இல் இலண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் இந்திய முறையைச் செய்து காட்டினார்.

சிகிச்சை அலங்காரமானபோது

1846இல் ஈதர் மயக்க மருந்தும், 1867இல் லிஸ்டரின் கிருமி நீக்கும் முறையும் வந்தன. வலியும் சீழும் குறைந்ததும் குறையில்லாத மூக்கிலும் கத்தி வைக்கும் துணிவு பிறந்தது. 1887இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜான் ஆர்லாண்டோ ரோ, சப்பை மூக்கை உள்ளிருந்தே திருத்தும் முறையை வெளியிட்டார். 1898இல் பெர்லினில் ஜேக்கஸ் ஜோசப், மூக்கின் பருமனால் வெளியே தலைகாட்டவே கூசிய ஓர் ஆடவருக்கு அதைக் குறைத்துக் கொடுத்தார்.

ஜோசப் யூதர். அவரிடம் வந்தவர்களில் பலர், தம் மூக்கு இனத்தைக் காட்டிக் கொடுத்து ஏளனத்துக்கு ஆளாக்குகின்றதே என்று அஞ்சியவர்கள். பழித்த சமூகம் திருந்தவில்லை. பழிக்கப்பட்டவர் தம் முகத்தை மாற்றிக்கொண்டார். பெண் பார்க்க வருபவர் சொல்லும் ஒரு சொல்லுக்காக மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும். அதே ஜோசப் முதல் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்கும் சிகிச்சை செய்தார். ஒரே கை, ஒரே கத்தி. நோக்கம் மட்டுமே வேறு.

வகைகளும் விளைவுகளும்

மூடிய முறையில் மூக்குத் துளையின் உள்ளே மட்டும் கீறுவார்கள். வெளியே தழும்பு தெரியாது. வீக்கமும் பொதுவாகக் குறைவு. திறந்த முறையில் இரு துளைகளுக்கு இடைப்பட்ட தண்டிலும் சிறு கீறல் உண்டு. 1934இல் புடாபெஸ்டின் ரேத்தி இக்கீறலை அறிமுகப்படுத்தினார். உள் அமைப்பு நேரடியாகத் தெரிவதால் கடுமையான கோணலுக்கும் மறு அறுவைக்கும் இது உதவும். மூச்சு அடைப்பு மட்டுமே குறையெனில், வடிவைத் தொடாமல் மூக்கின் நடுச்சுவரை நேராக்கும் சிகிச்சை போதுமானதாக இருக்கலாம்.

மூக்கை உயர்த்துவதற்குத் தம் நடுச்சுவர், காது, விலா ஆகியவற்றின் குருத்தெலும்பை எடுப்பதுண்டு. சிலிகான் வைப்பதும் உண்டு. சிலிகான் எனும் அந்நியப் பொருள் சிலருக்குக் கிருமித் தொற்றையும், தோலைத் துளைத்து வெளியேறும் நிலையையும் உண்டாக்கும். 1900 அளவில் வியன்னாவின் கெர்சுனி பரப்பிய பாரஃபின் ஊசி, இடம்விட்டு நகர்ந்தும் கட்டியாகியும் பலரின் முகத்தைக் கெடுத்தது. இன்றைய ஃபில்லர் ஊசி வேறு பொருளாயினும், இரத்தக் குழாயினுள் புகுந்தால் தோல் அழுகவும் பார்வை பறிபோகவும் கூடும். கத்தியில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடலாகாது.

மார்க்கத்தின் எல்லை

அல்லாஹ்வின் படைப்பை மாற்றத் தூண்டுவது ஷைத்தானின் சூளுரை என அந்நிஸா அத்தியாயம் எச்சரிக்கின்றது. அழகுக்காகப் பற்களில் இடைவெளி ஏற்படுத்தும் பெண்கள் சபிக்கப்பட்டதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகின்றது. அழகுக்காக என்ற அச்சொல்லைக் கொண்டு, சிகிச்சைக்காகவோ குறையை நீக்கவோ செய்வதில் குற்றமில்லை என்று இமாம் நவவி (ரஹ்) விளக்குகின்றார்கள். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இவ்வழியே சென்றது. உடலையோ மனத்தையோ பாதிக்கும் கடுமையான மூக்குக் கோணலைச் சீர்செய்வதை அனுமதித்தது. பிறரைப் பார்த்து இயல்பான மூக்கின் வடிவை மாற்றுவதைத் தடுத்தது.

எனவே கேள்விகளின் வரிசை முக்கியம். முதலில், இது இழந்ததை மீட்பதா, இருப்பதை வெறுப்பதா? அடுத்து, உடலுக்குத் தீங்கில்லாத பொருள் எது? பின்னர், எந்தக் கீறல், யாருடைய கை? முதல் கேள்விக்கு ஆலிமிடமும், மற்றவற்றுக்குத் தேர்ந்த மருத்துவரிடமும் விடை பெறுங்கள். முக வளர்ச்சி முழுமையடையாத பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள். அவர்களின் மூக்கைக் கேலி செய்யும் நாவை முதலில் நம் வீட்டிலேயே அடக்குவோம்.

சிதைந்த முகங்களுக்கு நலம் தரவும், நலமான முகங்களில் மனநிறைவு தரவும் அல்லாஹ் போதுமானவன். நம் தோற்றத்தை அழகாக்கிய அவன் நம் குணங்களையும் அழகாக்குவானாக! ஆமீன்.