அமிர்தவல்லி என்னும் திருநாமம்

திருத்தணிகைக்கு மேற்கே, திருக்கடிகை எனப்படும் சோளசிங்கபுரத்துப் பெரியமலையில் யோகநரசிம்மரோடு எழுந்தருளியிருக்கும் தாயாரின் திருநாமம் அமிர்தவல்லி. முன்னர் இவ்வட்டாரத்து வைணவ இல்லங்களில் பெண்மக்களுக்கு இடப்பெற்ற இப்பெயர் இன்று அரிதாகிவிட்டது.

'வல்லி' கொடியைக் குறிக்கும் வடசொல். தமிழில் 'வள்ளி'யும் கொடியே. கந்தபுராண மரபில் அமுதவல்லி, சுந்தரவல்லி இருவரும் திருமாலின் மகளிர். அவர்களே முறையே தேவசேனையாகவும் வள்ளியாகவும் வளர்ந்து, தணிகைமலையில் சந்நிதி கொண்டனர் என்பர். ஆகவே இப்பெயர் கடிகையில் திருமாலின் தேவியையும், தணிகையில் திருமாலின் மகளையும் சுட்டும். பெயரொப்புமை கொண்டு இருவரையும் ஒருவராகக் கருதுதல் பொருந்தாது.

1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது திருத்தணிகை. இரு மொழியும் வழங்கும் அவ்வெல்லைப் புறத்தில், தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் ஒருங்கே பொருள் விளங்குவது இப்பெயர்.

கொழுகொம்பைப் பிரியாத கொடிபோல எம்பெருமானைப் பிரியாதிருந்து, சேதனர்க்குப் புருஷகாரமாகிறாள் பிராட்டி. 'வல்லி' என்னும் சொல் இப்பொருளை உணர்த்துகிறது. பெரியாழ்வார் தம் திருமொழியின் நான்காம் பத்து ஆறாம் திருமொழியில், பிள்ளைகளுக்கு எம்பெருமான் திருநாமத்தை இடுமாறு உபதேசித்தருளினார். பெண்மகவுக்குத் தாயார் திருநாமம் இடுதலும் அவ்வுபதேசத்தின் வழிப்பட்டதே. இப்பெயர் வழக்கொழியின், இல்லத்தில் நாள்தோறும் நிகழ்ந்த திருநாம ஸ்மரணம் ஒன்றும் உடனொழியும்.