ஆனந்தரங்கப் பிள்ளை

ஆனந்தரங்கப் பிள்ளை (30 மார்ச் 1709 – 12 ஜனவரி 1761) புதுச்சேரிப் பிரெஞ்சு அரசின் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் இடையாளரும்), வணிகர், கர்நாடகப் போர்க்காலத்தைத் தமிழில் அன்றாடம் எழுதிவைத்தவர். கிரிமியப் போருக்கு 1854இல் சென்ற வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸலைப் போர்ச் செய்தியாளர்களின் முன்னோடி என்பர். பிள்ளை அவருக்கு ஒரு நூற்றாண்டு மூத்தவர். ஆனால் பிள்ளை களத்துக்குப் போனவரல்லர். ஓலையாகவும் காகிதமாகவும் ஆள்வழியாகவும் செய்தி அவரிடம் வந்தது.

சென்னை பெரம்பூரில் பிறந்த பிள்ளை, தந்தை திருவேங்கடம் பிள்ளையோடு சிறுவயதில் புதுச்சேரி சேர்ந்தார். பெரிய துபாஷி கனகராய முதலி 1746இல் இறந்தார். மறு ஆண்டு அப்பதவி பிள்ளைக்குக் கிடைத்தது. ஆளுநர் டூப்ளேயின் ஆலோசனைகளை அருகிலிருந்து கேட்கும் வாய்ப்பும் அதோடு வந்தது. பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து அவர் கேட்டதெல்லாம் நாட்குறிப்பில் ஏறியது.

1736 செப்டம்பர் 6 தொடங்கி ஏறத்தாழ இறுதிநாள்வரை எழுதினார். தமிழ் வருஷம், மாதம், கிழமை குறித்து, பேச்சுத் தமிழில், பாரசீகமும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் கலந்து எழுதிய நடை அது. வெற்றியை மட்டும் எழுதுகிறவர் அல்லர். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக்காரரால் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் மனம் நொந்து பதிவு செய்திருக்கிறார். தம் எசமானர் ஆட்சியின் செயலை ஓர் ஊழியர் இப்படி எழுதிவைத்தது, என் பார்வையில், அவருடைய தனிப்பெருமை.

அவர் பதவியின் உச்சத்தில் இருந்தபோது போர் செஞ்சியைத் தொட்டது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த கோட்டை அது. சிவாஜி 1677இல் அதைக் கைப்பற்றினார்; மொகலாயர் அதை மீட்க 1690 முதல் 1698 வரை போராட வேண்டியிருந்தது. அத்தகைய கோட்டையை 1750 செப்டம்பரில் தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. ஆங்கிலேயர் ஆதரவு பெற்றிருந்து, திருவதிகையில் தோற்ற முகம்மது அலியின் ஆட்கள் அங்கே ஒதுங்கியிருந்தனர். வெடிவைத்து வாயிலைத் தகர்த்து நுழைந்த படை, விடிவதற்குள் குன்றுகளின் மீதும் ஏறிவிட்டது. டிசம்பரில் செஞ்சிக்கு அருகே, பிரெஞ்சுக்காரரை எதிர்த்த நிசாம் நாசிர் ஜங் தம் பக்கத்து நவாப்புகளின் சதியால் சுட்டுக் கொல்லப்பட்டார். தென்னாட்டு அரசியலில் டூப்ளேயின் கை ஓங்கியது.

அந்த ஓங்கல் நீடிக்கவில்லை. டூப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டார். பிள்ளையும் 1756இல் பதவி இழந்தார். ஆங்கிலேய முற்றுகையில் புதுச்சேரி வீழ்வதற்கு நான்கு நாள் முன்பு அவர் காலமானார். செஞ்சியும் அதே 1761 ஏப்ரலில் சரணடைந்தது.

1846இல் பிரெஞ்சு அதிகாரி கலுவா-மோம்பிரேன் நாட்குறிப்பைக் கண்டெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்கள் இந்நாட்குறிப்பை அடியொற்றியவை. பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.